தூணும் வாசலும்

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு மைதானமே ஒரே குரலில் ஆர்ப்பரித்தது. இந்தப் பக்கம், தகரக் கொட்டிலுக்குள், கிழிக்கப்படாத டிக்கெட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நானும் என் மச்சாளும் ஒரு நீள வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். கொழும்பின் அந்தப் பெரிய கிரிக்கெட் மைதானத்தை யாராவது புகழ்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வாங்குதான்.

மச்சாள் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். யுத்தத்தால் இடம்பெயர்ந்து வந்து, வெள்ளவத்தையில் அறையெடுத்துத் தங்கி, ஒரு கப்பல் கம்பெனியில் தட்டெழுத்து வேலை பார்த்தாள். நான் கொழும்பிலேயே, கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். துணைக்கு நான் போவேன். முன்பெல்லாம் வெட்டவெளிப் படிகளில்தான் உட்காருவோம். மத்தியானமானால் சீமெந்து பாவாடையைத் தாண்டிச் சுடும். பெண்களுக்கான கழிப்பறை எப்போதும் பூட்டியே கிடக்கும். பூட்டின் திறப்பு யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியாது. “பொம்பிளையளும் மட்ச் பாக்க வருவினம் எண்டு இதைக் கட்டினவைக்குத் தெரியாதோ?” என்று மச்சாள் பொருமுவாள். எதிரே, பந்துவீச்சாளருக்கு நேர் பின்னால், விருந்தினருக்கென்று ஒதுக்கிய நிழல் இருக்கைகள் பாதிக்குமேல் காலியாகக் கிடக்கும். “அங்க இருந்தால்தான் பந்து எந்தப் பக்கம் திரும்புது எண்டு வடிவாத் தெரியும். பாரடி, ஒருத்தரும் இல்லை.” அவள் கோபத்தில் நியாயம் இருந்தது.

அதனால்தான் அந்த முறை கூரைக்குக் கீழே இடம் எடுத்தோம். வாசலில் குடையை வாங்கி வைத்தார்கள், சோற்றுப் பார்சலைப் பிரித்துக் கிண்டினார்கள். எல்லோருக்கும் நடப்பதுதான் என்று பொறுத்துக்கொண்டோம். பிறகு அடையாள அட்டை கேட்டார்கள். என்னுடையதைப் பார்த்துவிட்டு உடனே தந்துவிட்டார்கள். அவளுடையதில் பிறந்த இடத்தைக் கண்டதும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வடக்கிலிருந்து வந்து கொழும்பில் தங்குகிற தமிழர் கட்டாயம் செய்யவேண்டிய பொலிஸ் பதிவின் பிரதியை நீட்டினாள். பிரதி செல்லாது, மூலம் வேண்டும் என்றார்கள். “நீங்கள் போகலாம், அவ நிக்கட்டும்” என்று என்னிடம் சிங்களத்தில் சொன்னான் காவலுக்கு நின்றவன். அவளோடு வந்தேன், அவளோடுதான் உள்ளே போவேன் என்றேன். இருவரையும் கொட்டிலுக்கு அனுப்பினார்கள்.

அங்கே எங்களைப் போல வேறும் சிலர் இருந்தார்கள். எல்லோரும் தமிழர். மச்சாள் சத்தத்தை வைத்தே ஆட்டத்தைச் சொன்னாள். “இது நாலு.” “இப்ப ஆரோ அவுட்.” காவல்காரனும் இளைஞன்தான், அவனுக்கும் ஆசை. யார் அவுட் என்று மெல்லக் கேட்டான். “உள்ளே விட்டால் பார்த்துச் சொல்கிறேன்” என்றாள் மச்சாள், சிங்களத்திலேயே. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு ஓர் அதிகாரி வந்து, போகச் சொல்லிக் கையசைத்தார். ஏன் மறித்தார்கள், ஏன் விட்டார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. மன்னிப்பு என்ற சொல் அந்த வாசலில் யாருக்கும் தெரியாது.

உள்ளே எங்கள் இடத்தில் இரண்டு ஆண்கள் இருந்தார்கள். பிந்தி வந்தால் வேறெங்காவது உட்காரத்தான் வேண்டும் என்றார்கள். மச்சாள் சிங்களத்தில் கேட்டாள், ஆங்கிலத்தில் கேட்டாள், கடைசியில் தமிழில் கத்தினாள். “இது எங்கட இடம். எழும்புங்கோ!” அந்த நாட்களில் அந்தக் கூட்டத்துக்குள் தமிழ் உரக்கக் கேட்டால் தலைகள் திரும்பும். திரும்பின. நான் பயத்தில் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை. அவர்கள் எழுந்தார்கள்.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, முன்னால் ஒரு பருத்த தூண். ஒரு பக்கத்து விக்கெட் அடியோடு மறைந்திருந்தது. “இதுக்குப் பின்னால சீட் போட்டவன் ஒருநாளும் இதில இருந்து மட்ச் பாத்திருக்க மாட்டான்” என்றாள். கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துக் கடைசிப் பந்துவரை பார்த்தாள்.

திரும்பும் பஸ்ஸில், இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்றேன். “நான் வருவன். வரவேண்டாம் எண்டுதானே மறிக்கிறாங்கள்” என்றாள். அடுத்த ஆட்டத்துக்குப் பொலிஸ் பதிவின் மூலத்தையே கொண்டுபோனாள். அப்போதும் மறித்தார்கள். அதற்கடுத்ததற்கும் போனாள்.

யுத்தம் முடிந்து பல வருடங்கள் கழித்து, அண்மையில் இருவரும் மறுபடி போனோம். உட்காரப் புதுக் கதிரைகள், சுத்தமான கழிப்பறை. வாசலில் டிக்கெட்டை மட்டும் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு தமிழ்ப் பெடியன் உற்சாகமாகக் கேட்டான்: “அன்ரி, மட்ச் பாக்க இதைவிட நல்ல கிரவுண்ட் இருக்கோ?”

மச்சாள் ஆடுகளத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கிரவுண்ட் நல்லதுதான் தம்பி. அதின்ர வாசலைத்தான் என்னால இன்னும் மன்னிக்கேலாமல் கிடக்கு.”