எங்கடை நாடு என்று சொன்ன நாள்

தவத்தைக் காட்டிக்கொடுத்தவன் நான்தான்.

வேறு யாருமில்லை… புத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் அவனோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நான்!

கொரோனா வந்த முதல் மாதங்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். இலண்டனில் வாழும் என் அண்ணன், அத்தனை வருடங்களாக எங்களை எண்ணி இரங்கியவர், தொலைபேசியில் அழுதார்.

"இங்கை சனம் கொத்துக் கொத்தாச் சாகுது. நீங்கள் குடுத்து வைச்சனீங்கள். உங்கடை நாடு நல்லாக் கட்டுப்படுத்துதாம்!"

உங்கடை நாடு… போரில் இடம்பெயர்ந்து, கூடாரங்களில் வளர்ந்த எனக்கு அப்படியொரு நாடு இருந்ததே இல்லை. அன்றுதான் முதன்முறையாக நெஞ்சு நிமிர்ந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இனித்தது!

அந்த வாரமே தவம் ஊரடங்கை மீறி, கொழும்பிலிருந்து மரக்கறி லொறியில் ஒளிந்து ஊருக்கு வந்தான். தாய்க்கு அவன் ஒரே பிள்ளை. அவர் படுக்கையில் கிடந்தார்.

"அம்மா என்ரை பேரைச் சொல்லிச் சொல்லி அழுறாவாம், மச்சான். ஒருத்தரிட்டையும் கதைச்சுப்போடாதை" என்றான்.

தலையாட்டினேன்.

மறுநாட் காலை சுகாதார அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பயத்தினாலா? பயமென்றால் நீங்கள்கூட மன்னிப்பீர்கள்… "எங்கடை நாட்டுக்குக் கெட்ட பேர் வரக்கூடாது, ஐயா" என்றேன். என் வாயால்!

இராணுவப் பேருந்து வந்தது. ஒழுங்கைச் சனம் முழுவதும் வீட்டு வாசற் படலைகளில் நின்று பார்க்க, அவனைத் தனிமைப்படுத்தல் முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

"அவன் எப்ப தம்பி வருவான்?" என்று அந்தத் தாய் என்னிடம்தான் கேட்டார். பதினான்கு நாள் என்றேன். அவர் பதினொரு நாள்தான் இருந்தார்.

அவனுக்குத் தொற்றே இல்லை. ஆனாலும் விடவில்லை. முகாமிலிருந்து தொலைபேசியில் கதறினான்: "எனக்குப் பதிலா நீ கொள்ளி வை, மச்சான். உன்னை விட்டா எனக்கு ஆர்?"

வைத்தேன்… எப்படி வைத்தேன்?

அடுத்த ஆண்டு நோய் கட்டுமீறியது. கட்டில் கிடைக்காமல் ஆஸ்பத்திரி விறாந்தையில் மனிதர்கள் மூச்சுக்குத் தவித்ததை நேரில் பார்த்தேன். என் பெருமை அங்கேயே செத்தது. எதற்காக அவனைக் கொடுத்தேன்?

ஒவ்வொரு திவசத்துக்கும் தவம் என்னைத்தான் முதலில் அழைக்கிறான். போன மாதம் தன் கையாலேயே சோறு போட்டான்.

"காட்டிக்குடுத்தவன் எங்கையாவது இருந்திட்டுப் போகட்டும். அம்மாக்கு நீ இருந்தாய். எனக்கு அது காணும்" என்றான்.

வாய்வரை வந்தது… சோற்றோடு சேர்த்து விழுங்கினேன்.

"இன்னும் கொஞ்சம் போடட்டே?" என்று குனிந்தான்.

நான் இலையை மறிக்கவில்லை.