புளி தேய்த்த கைகள்

ஐயம்பேட்டையில் மாடி வீடு, காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலைக் கடை, இன்ஜினியர் மகன். ஐந்தாவதோடு நின்றுபோன நான், யார் தயவும் இல்லாமல் உண்டாக்கியவை இவை.

நாளை பேத்திக்குப் பாதிரியார்கள் நடத்தும் ஃபாதர் பள்ளியில் ஆறாம் வகுப்பு நேர்காணல். அங்கே மருதாணி கூடாதாம். மருமகள் பேத்தியின் கையைப் புளி வைத்துத் தேய்த்தாள். அந்த வாசனை வந்ததுமே நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

ஐந்தாவது முடித்த என்னை ஆறாவதில் சேர்க்கப் போன அன்று, என் அம்மாவும் என் கையை இப்படித்தான் தேய்த்தாள். வீடெல்லாம் சாயமும் ஈரநூலும் நாறும். என் விரல்கள் எப்போதும் சிவப்பு. அதே பள்ளி வராந்தாவில் அப்போதிருந்த ஃபாதர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் சிவப்பு மிச்சம் இருந்தது.

"தறிவேல செய்யற பையன். பாதியில நின்னுடுவான், ஒரு எடம் வீணாப் போவும்."

"நிக்க மாட்டான் ஃபாதர்," என்றாள் அம்மா.

"எல்லாரும் இதத்தாம்மா சொல்றாங்க."

இடம் கிடைக்காமல் திரும்பும் வழியில் அப்பா சிரித்தார். "வுடுடா. சாயம் போவாத கை, தறிக்கு நல்லதுதான்."

அதனால்தான் என் மகனைத் தறிப் பக்கமே விடவில்லை. அந்தப் பள்ளியிலேயே சேர்த்தேன்.

"அப்பா, நாளைக்கு நீ வர வாணாம்பா," என்றான் அவன், கிணற்றடிக்கு என்னைத் தேடி வந்து. "புள்ளையோட அம்மா அப்பா இன்னா படிச்சிருக்காங்கன்னுதான் கேப்பாங்க."

சண்டை போடத் தெம்பில்லை.

"வரலடா. ஆனா நீ படிச்சதச் சொல்லும்போது, படிக்க வெச்சவன் பேரையும் சேத்துச் சொல்லு."