கேள்விப்படாத துடக்கு

எங்கள் ஊர்ப் பக்கத்தில் உறவுக்குள் சாவு விழுந்தால் துடக்கு என்ற தீட்டு. அது கழியும் வரை கோயில் வாசலை மிதிக்க முடியாது. அதிலும் ஒரு சலுகை உண்டு: செத்த சேதி காதில் விழுந்த பிறகுதான் துடக்கு. கேள்விப்படாதவனுக்கு ஒன்றும் இல்லை. கடல் தாண்டிக் கடிதம் வந்த காலத்தில் அது நியாயமாக இருந்திருக்கும். இப்போது எல்லார் போனிலும் வைபர் இருக்கிறது.

போன வருடம் தேர் அன்று என் தங்கச்சி ஈரச்சேலையோடு கோயிலுக்கு வந்தாள். மகனுக்கு நெஞ்சில் ஒப்பரேசன் நடந்தபோது, அவன் பிழைத்தால் தேருக்குப் பின்னால் அடியழிப்பேன், வீதி முழுக்க விழுந்து விழுந்து கும்பிட்டு வருவேன் என்று நேர்ந்திருந்தாள். வாசலில் கோயில் தலைவர் மறித்தார்.

“பிள்ளை, உன்ரை மனுசன்ரை சித்தப்பா கனடாவிலை மோசம் போயிட்டாராம். உனக்குத் துடக்கு. வீட்டை போ.”

அவர் சொல்லித்தான் அவளுக்கே தெரியும். துடக்கை உண்டாக்கியதே அந்த மனிதரின் வாய்தான். அதன் பிறகு மகன் இருமினாலும், நேர்த்தியைச் செய்யாத குற்றம் என்று தங்கச்சி நடுங்கினாள்.

இந்த வருடம் தேர் அன்று விடிய, தலைவரின் சொந்தத் தம்பி பிரான்ஸில் செத்துப்போனார். ஊர் முழுக்க வைபரில் செத்தவரின் படம் போய்விட்டது. தலைவரிடம் மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவரும் போனை நிப்பாட்டி வீட்டில் வைத்துவிட்டு, பரிவட்டம் கட்டிக்கொண்டு வடத்தின் முதல் ஆளாக வந்து நின்றார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. நேரே அவரிடம் போனேன்.

என்னைக் கண்டதுமே, “தம்பி, தேர் இருப்புக்கு வந்த பிறகு கதைப்பம்” என்றார். என்ன விஷயம் என்று கேட்கவே இல்லை.

“அண்ணை, உங்கடை தம்பி...” என்று தொடங்கினேன். அவர் மேளக்காரருக்குக் கையைக் காட்டினார். தவில் என் வாயை அடைத்துவிட்டது. அவர் கண்ணிலிருந்து நீர் ஓடியது. என்ன பக்தி என்று பக்கத்தில் நின்றவர்கள் உருகினார்கள். கூடப்பிறந்தவனுக்காக ஒளித்து அழுதுதான் காப்பாற்ற வேண்டும் என்றால், அந்த முதல் வடம் என்ன மண்ணாங்கட்டி மரியாதை?

தேர் வீதி சுற்றி முடிந்து இருப்புக்கு வந்தது. இந்த முறை தங்கச்சி அடியழித்து முடித்திருந்தாள். நெற்றியெல்லாம் மண். நடந்ததை அவளிடம் கொட்டினேன். சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்:

“அண்ணை, போன வருசம் நானும் மேளத்துக்குக் கிட்டப் போய் நிண்டிருக்கலாமோ?”