எந்தத் தோல் ஷாப்?

பிளஸ் டூ படிக்கையில் ஒருத்தன் பைக்கில் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அவனை ஒன்றும் செய்ய மாட்டார்கள், என் படிப்பைத்தான் நிறுத்துவார்கள். எங்கள் தெருவில் அப்படி நின்றுபோன பெண்கள் எல்லாம் இப்போது கம்பெனியில் ஷூ தைக்கிறார்கள்.

அன்று டியூஷன் முடிந்து வரும்போது சந்தில் பைக்கைக் குறுக்கே நிறுத்தியிருந்தான். "இன்னிக்கு பதில் சொல்லாம போவ முடியாது" என்றான். எனக்கு உயிரே போய்விட்டது. வந்த வழியே ஓடி, பாதி கட்டிய ஒரு வீட்டின் மாடிப்படிக்கு அடியில் ஒளிந்துகொண்டேன். அம்மாவைக் கூப்பிட வழியில்லை. அவள் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பள்ளிக்கு வந்த பெண் போலீஸ் ஒருவர் எங்களுக்கெல்லாம் ஓர் அவசர எண்ணைச் சொல்லித் தந்திருந்தார். அன்று சிரித்துக்கொண்டே கேட்டோம். இப்போது என் போனில் அதைத் தப்புத் தப்பாக அழுத்தி ஒருவழியாகப் போட்டேன்.

"எங்கம்மா இருக்கே?" என்றது ஒரு பெண் குரல்.

"தோல் ஷாப் பக்கத்துல மேடம்."

"எந்தத் தோல் ஷாப்?"

ஐயோ! ஆம்பூரில் அடையாளம் சொல்ல எனக்கு வேறு இடமா கிடைக்கவில்லை? தோல் பதனிடும் இடம் எங்கள் பக்கம் தெருவுக்கு ஒன்று. "நாத்தம் அடிக்குமே, அது" என்று வேறு சொன்னேன். இன்று நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

போனில் பேசிய மேடம் சிரிக்கவில்லை. "பயப்படாத. கட் பண்ணாத. எதிர்ல போர்டு எதாச்சும் தெரியுதா? படி."

போர்டைப் படிக்கத் தலையை வெளியே நீட்ட வேண்டும். அந்தப் போர்டுக்கு நேர் கீழே அவன் நின்று என்னைத் தேடிக்கொண்டிருந்தான். நீட்டினேன். படித்துச் சொன்னேன். அவன் திரும்பிவிட்டான்.

"அங்கயா கீற?" என்றான்.

"மேடம், வர்றான், வர்றான்!"

"ஸ்பீக்கர்ல போடு." போட்டேன். "போலீஸ் பேசறேன். யார்ரா நீ?"

அவன் பைக்கை எடுத்த வேகத்தில் செருப்பு ஒன்று அங்கேயே கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் சுடிதாரில் ஒரு பெண் போலீஸ் வந்தார். வீட்டுக்குப் போலீஸ் வண்டி வேண்டாம், தெருவே கூடிவிடும் என்று அழுதேன். நடந்தே வந்தார். அம்மா வரும்வரை இருந்து, நடந்ததைப் பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா கதவைச் சாத்தினாள். படிப்பு போயிற்று என்றே நினைத்தேன்.

"காலைல ஸ்கூலுக்குக் கெளம்பு" என்றாள். பிறகு தன் போனை நீட்டினாள். "அந்த நம்பர எனக்கும் போட்டுக் குடுடி."

வேலை முடிந்து அவளும் தினமும் அந்தச் சந்தில்தான் வருவாள்.