கடுகு டப்பாவில் ஒரு வைத்தியர்

எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் நறுக்கு போடுவார்கள். பெயர்களைச் சீட்டில் எழுதி, மடித்து, டப்பாவில் குலுக்கி ஒன்றை எடுப்பதற்கு மட்டாஞ்சேரியில் அதுதான் பெயர். யார் முதலில் குளிப்பது, வைப்பின் தீவுக்குப் போகும் படகில் ஓர இருக்கை யாருக்கு, கடைசிப் பழம்பொரி யாருக்கு, எல்லாவற்றையும் ஒரு காலிக் கடுகு டப்பா தீர்மானிக்கும். ஒருமுறை அண்ணன் அதில் திருட்டுத்தனம் செய்து பிடிபட்ட பிறகு அம்மா ஒரு சட்டமும் சேர்த்தாள்: எடுத்த சீட்டை வாசித்ததும், டப்பாவில் மிஞ்சியதையும் பிரித்து எல்லோருக்கும் காட்ட வேண்டும்.

எனக்குப் பதினொரு வயதானபோது அந்த டப்பாவுக்குப் புது வேலை வந்தது. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து வந்து, எங்களைத் தரையில் உட்காரவைத்து ஒரு விளையாட்டு நடத்துவார். பலகை கிடையாது, காய் கிடையாது. அவர் கதை சொல்வார். கதைக்குள் நடமாடும் ஆட்கள் நாங்கள். "குகைக்குள்ள ஏதோ உறுமறது. என்ன செய்யறேள்?" என்று கேட்பார். நாங்கள் சொன்னது பலிக்குமா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை சொல்லும். அதை எங்கள் கண்ணெதிரேதான் உருட்டுவார். அண்ணன் அழுது புரண்டாலும் விழுந்த எண்ணை மாற்ற மாட்டார்.

அண்ணன் வாள்வீரன். நான் வைத்தியர். அத்தை மகள் வழிகாட்டி, அதாவது தீப்பந்தம் பிடித்துக்கொண்டு மூட்டையும் சுமப்பவள். நான் வைத்தியரானது நோயாளிகள் மேல் இரக்கப்பட்டு அல்ல. அடிபட்டவர்கள் என்னிடம் வந்து கெஞ்ச வேண்டுமே, அதற்காக. அண்ணனை மூன்று முறை 'ப்ளீஸ்' சொல்லவைக்காமல் நான் மருந்துக் குப்பியைத் திறந்ததே இல்லை.

அத்தை துபாய்க்கு நர்ஸ் வேலைக்குப் போயிருந்ததால் அத்தை மகள் அந்த வருஷம் எங்களோடு இருந்தாள். என் வயதுதான். சாயாவில் சர்க்கரை போட மறந்தாலும் வாய் திறக்காமல் குடித்துவிடுவாள். அப்படிப்பட்டவள், புதுக் கதை தொடங்கிய ஒரு ஞாயிறன்று, கையிலிருந்த பென்சிலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "இந்தத் தடவை நான் வைத்தியர் ஆகட்டே?"

"அது என்னோடதாக்கும்!" என்று நான் போட்ட கூச்சலில் அம்மா அடுக்களையிலிருந்து வந்துவிட்டாள்.

"ரெண்டு வைத்தியர் இருந்தா என்னடி குழப்பம்?" என்றார் மாமா. எனக்குப் பெரிய குழப்பம். இரண்டு வைத்தியர் இருந்தால் என்னிடம் யார் கெஞ்சுவார்கள்? நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அத்தை மகள் உடனே, "வேண்டாம் மாமா, எனக்குப் பந்தமே போறும்" என்றாள். மாமாவின் முகம் வாடிவிட்டது. "மதி, மதி! சண்டை போறும், நறுக்கு போடுங்கோ" என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் சீட்டு எழுதுவது எப்போதும் நான்தான். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து எழுதினேன். இரண்டிலும் என் பெயரையே எழுதினேன். கை கூசத்தான் செய்தது, ஆனால் நிற்கவில்லை.

மாமா குலுக்கி ஒன்றை எடுத்தபோதுதான் அம்மாவின் சட்டம் ஞாபகம் வந்தது. மிஞ்சியதையும் காட்ட வேண்டும்! மாமா அன்றைக்கென்று பார்த்து இரண்டு சீட்டையும் சேர்த்தே பிரித்தார். படித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அத்தை மகளின் பெயரை உரக்கச் சொன்னார். மிஞ்சிய சீட்டில் என் பெயர் இருப்பதை எல்லோருக்கும் காட்டினார். முதல் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பொய் என்று கத்தலாம் போலிருந்தது. உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது? பந்தத்தை வாங்கிக்கொண்டேன்.

பந்தம் பிடிப்பவள்தான் முதலில் போக வேண்டும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. முதல் திருப்பத்திலேயே குழியில் விழுந்தேன். பின்னால் வந்த அண்ணன் மேல் பாறை உருண்டது. இரண்டு பேரும் சாகக் கிடந்தோம். மருந்தோ ஒரே ஒரு குப்பி.

"எனக்குத் தா. நான் இல்லேன்னா யார் சண்டை போடறது?" என்றான் அண்ணன். அதில் நியாயம் இருந்தது. நானும் கெஞ்சத்தான் வேண்டும், வாய் வரவில்லை. அதற்குள் அத்தை மகள், "அவளுக்குக் கொடுக்கறேன் மாமா" என்றாள். ஒரு 'ப்ளீஸ்'கூட அவள் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பந்தத்தின் புகை கண்ணில் பட்டுவிட்டது என்று சமாளித்தேன். மாமா அதையும் கதையில் சேர்த்துக்கொண்டார்.

அன்று அவரை வழியனுப்ப பஸ் ஸ்டாப் வரை போனேன். "அந்தச் சீட்டுல என்ன எழுதியிருந்தது மாமா?" என்று கேட்டேன்.

"எழுதினது நீதானே" என்றார். பஸ் வந்துவிட்டது.

அந்த வருஷம் முழுக்க அத்தை மகள்தான் வைத்தியர். போகப்போக சாயாவுக்குச் சர்க்கரையும் கேட்கத் தொடங்கினாள். பகடையில் ஒரு எண்ணைக்கூட மாற்றாத மனிதர் அவளுக்காகப் பொய் சொல்லிவிட்டார் என்று நான் வெகுநாள் பொருமிக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. இன்றைக்கு நினைத்தால் நெஞ்சு நிறைந்துவிடுகிறது. இரண்டு சீட்டையும் உள்ளபடியே காட்டியிருந்தாலும், என் திருட்டுத்தனம் எல்லோருக்கும் தெரிந்து, வைத்தியர் வேடம் அவளுக்குத்தான் போயிருக்கும். அவளுக்கு அந்தப் பொய் தேவையே இல்லை. அதை அவர் எனக்காகச் சொன்னார் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.