வண்டிச் சக்கரமும் என் தங்கச்சியும்

கீழ்வீட்டு சுதாவின் பிள்ளை பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டு, கிறீச் கிறீச்சென்று சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னா ஆயா, எத்தினி தபா கூப்ட்டாலும் திரும்ப மாட்டேன்றான். ஆட்டிசமாம். இத்த புடுங்கி எறிஞ்சிடட்டா?" என்றாள் சுதா.

"எறியாதம்மா" என்றேன். அந்தச் சத்தம் என்னைப் பெரியபாளையத்துக்கே கொண்டுபோய்விட்டது.

என் தங்கை வள்ளிக்கு அப்போது ஐந்து வயது. பேச்சு வரவில்லை. மாட்டுவண்டிச் சக்கரம்தான் அவளுக்கு உலகம். ஆடி மாதம் வேண்டுதலுக்காக அம்மன் கோயிலுக்கு வண்டி கட்டிப் போனோம். ஆற்று மணலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தபோது அவளைக் காணவில்லை. கூட்டமான கூட்டம். நைனா தொண்டை கட்டும்வரை "வள்ளீ! வள்ளீ!" என்று கத்தினார். அம்மா மணலில் விழுந்து அழுதாள்.

எனக்கு எட்டு வயது. "பேரச் சொன்னா அவ என்னிக்கி திரும்பிக்கீறா? நம்ம சக்கரத்த சுத்து நைனா!" என்றேன்.

அச்சுக்கு அடியில் கல்லை முட்டுக்கொடுத்து நைனா சக்கரத்தைச் சுற்றினார். மசகு மை காய்ந்த அச்சு ஊருக்கே கேட்கும்படி கிறீச்சிட்டது. வேப்பிலை கட்டி வலம் போகிறவர்களுக்கு நடுவிலிருந்து வள்ளி நேராக நடந்து வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து, "இன்னும்" என்றாள்.

அதுதான் அவள் பேசிய முதல் வார்த்தை. நைனா அழுதுகொண்டே சுற்றினார். அவர் கை ஓய்ந்ததும் பக்கத்து வண்டிக்காரர்கள் மாறி மாறிச் சுற்றினார்கள். எங்கள் பொங்கல் அடிபிடித்துக் கரியாகிப் போனது. பானையை இறக்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.