மிருகம் தின்ன ஒரு கொல்லை

மிருகங்கள் வந்து தின்ன வேண்டும் என்பதற்காகவே ஒரு வருசம் நாங்கள் குரக்கன் தானியம் விதைத்தோம். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தக் கொல்லையை நம்பித்தான் அப்போது என் பிழைப்பு இருந்தது.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். கண்டிப் பக்கம் கலகெதரைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் முதலில் கொழுந்தெடுக்கும் நாட்களைக் குறைத்தார்கள், பிறகு ஆட்களைக் குறைத்தார்கள். ஒரு நாள் விடியற்காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்தில், கணக்கப்பிள்ளை என் பேரையும் அத்தையின் பேரையும் கூப்பிடவில்லை. அத்தை என் மாமியார். என் அப்பாவுக்கு அக்காள். தேயிலை ஸ்டோரில் வேலை செய்த என் புருசனின் பேர் மட்டும் மிஞ்சியது. ஒரே ஒரு பேர் உள்ள குடும்பத்துக்கு, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பராவை விட்டுவைக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட குடும்பங்களை ரயிலேற்றிக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஊர் என்பது இந்தியாவில் துறையூர்ப் பக்கம் ஒரு மேட்டு நிலம், ஒரு கிணறு, பங்காளிகள் ஏழெட்டுப் பேர். சின்ன வயதில் அங்கிருந்து வந்த அத்தைக்கு அது கண்ணுக்குள்ளேயே இருந்தது. சோறு குழைந்தால் ஊர். கால் குடைந்தால் ஊர். என்மேல் கோபம் வந்தால் கட்டாயம் ஊர். "என்னய ஊருக்கு அனுப்பிருங்கடா, நிம்மதியா கண்ண மூடுறேன்" என்று கணக்கப்பிள்ளையிடமே ஒருதரம் சொல்லியிருந்தாள். நான் லயத்தில் பிறந்தவள். எனக்குத் தெரிந்த பெரிய ஊர் கண்டிதான், அதையும் நாலைந்து முறைதான் பார்த்திருந்தேன். முன்பின் தெரியாத ஒரு கிணற்றடியில் போய் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அப்போதுதான் தோட்டத்துத் துரைக்கு இந்த யோசனை வந்தது. வருசா வருசம் கிறிஸ்மஸ் சமயத்தில் கண்டியிலிருந்து அவருடைய சிநேகிதர்கள் துப்பாக்கிகளோடு வருவார்கள். முந்தின இரண்டு வருசமும் மரத்துமேல் கட்டிய பரணில் குந்தியிருந்து சளி பிடித்ததுதான் மிச்சம். பெரிய மான் சாதியான மரை ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. காட்டோரத்தில் தீனி விதைத்தால் மிருகம் தானாக வரும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். தோட்டத்து மேல் எல்லையில் கைவிட்ட தேயிலை கொஞ்சம் இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டுக் குரக்கன் போடச் சொன்னார். வேட்டை நல்லபடியாக முடிந்தால் எங்கள் இருவர் பேரையும் திரும்ப செக்றோல் பதிவில் ஏற்றுவதாகக் கணக்கப்பிள்ளை மூலம் சொல்லி அனுப்பினார்.

விதை வாங்கக் கலகெதரைக் கடைவீதிக்கு நானும் என் புருசனும் போனோம். கடைக்காரர் மடவளை முஸ்லிம், வாயாடி. விசயத்தைக் கேட்டதும் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"காட்டுப் பண்டி தின்னவா? என்ட கையால அதுக்குத் தீனி போடச் செல்றீங்களா?"

"மரைக்குங்க" என்றார் என் புருசன் அவசரமாக.

"அப்பிடிச் செல்லுங்க. மரைக்கெண்டா தாரன். பண்டி வந்து திண்டா அது ஒங்கட பாவம்."

ஆவணி மாதம் ஒரு தூறல் விழுந்தது. மழை பிடித்துக்கொண்டது என்று நம்பி விதைத்தோம். முளை வந்த கையோடு வானம் வெளுத்துவிட்டது. பச்சையாகத் தெரிந்தது மஞ்சளாகி, பிறகு மண்ணோடு மண்ணாகியது. மறுபடியும் கொத்தி மறுபடியும் விதைத்தோம். இந்தத் தடவை பகலில் இடி இடித்து ஒரு மழை கொட்டியது பாருங்கள், விதை, எரு, மேல்மண் எல்லாம் சேர்ந்து வடிகால் கானில் இறங்கிக் கீழ் மலைக்குப் போய்விட்டது. கொஞ்ச நாளில் கீழே தேயிலைக்கு நடுவே குரக்கன் முளைத்து நின்றது. அதைப் பார்த்துக் கொழுந்துக்காரப் பெண்கள் ஒரு வாரம் என்னைக் கிண்டல் செய்தார்கள். அவர்களுக்குப் பேர் இருந்தது, சிரிக்கலாம்.

மூன்றாவது விதைப்புக்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் உலையை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து மேகத்தைப் பார்ப்பேன். மழை இல்லையென்றால் காய்ந்துவிடுமே என்று பயம், மழை வந்தால் அடித்துக்கொண்டு போய்விடுமே என்று பயம். தூங்கும்போது கூரைத் தகரத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். "மழைய நீயா புடிச்சு வச்சிருக்கே? படு புள்ள" என்பார் என் புருசன். அவர் படுத்த இடத்தில் குறட்டை விடுகிற ஆள். அதற்கே எனக்குக் கோபம் வரும்.

ஆனால் அத்தை அப்படி இல்லை. ஊருக்குப் போக வேண்டும் என்று நாளெல்லாம் புலம்புகிறவள், அந்தக் கொல்லையில் இறங்கினால் ஆளே மாறிவிடுவாள். களை எடுப்பது, மண் அணைப்பது, கான் வெட்டித் தண்ணீரைத் திருப்புவது எல்லாம் அவள் பாடு. அவள் அதைக் குரக்கன் என்று ஒருநாளும் சொன்னதில்லை, கேப்பை என்பாள். "இந்த வருசம் நம்ம கேப்பை நல்லா வரும்" என்பாள். நம்முடையது இல்லை அத்தை, மரைக்கு என்றால், காதில் விழாதமாதிரி குனிந்துகொள்வாள்.

கதிர் பிடித்து முற்றும் நேரத்தில் மார்கழி மழை பிடித்தது. கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் கண்டி ரோட்டில் மண் சரிந்து கார் வர முடியாமல் போனது. வேட்டை பொங்கலுக்குப் பிறகுதான் என்று துரை சொல்லிவிட்டார். அவர் சொல்லிவிட்டார், குரக்கனுக்கு யார் சொல்வது? அது பாட்டுக்கு முற்றி நின்றது. கதிர் வாடைக்கு மரையும் பன்றியும் விடியலில் ஒவ்வொன்றாக வந்து வாய் வைக்கத் தொடங்கின. இப்படியே விட்டால் துரைமார் வரும்போது வெறும் தட்டைதான் நிற்கும்.

கணக்கப்பிள்ளை குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். "துரை சொல்றாரு, அவுங்க வர்ற வரைக்கும் ஒரு மிருகம் உள்ள வரக்கூடாது. வெரட்டுங்க. வந்த பெறகு விட்றலாம்."

அத்தைக்கு வேறென்ன வேண்டும்? கொல்லையின் கீழ் மூலையில் ஒரு சின்னக் குடில் போட்டுக்கொண்டாள். பழைய மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றும் ஒரு தடியும் கையிலேயே இருக்கும். காட்டோரத்தில் ஓர் இலை அசைந்தால் போதும், "ஏய்ய்! ஹோய்!" என்று ஒரு சத்தம். அது லயம் வரைக்கும் கேட்கும். பன்றிகளைக் குடும்பத்தோடு திட்டுவாள். தொண்டை கட்டிப்போய்க் கொத்தமல்லித் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் போவாள். அத்தனை வருசத்தில் அவள் ஊர் என்ற வார்த்தையைச் சொல்லாத நாட்கள் அவைதான் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது.

பொங்கல் கழிந்து கார் வந்தது. இரண்டு துரைமார், ஒரு துரைசாணி. அன்று சாயங்காலம் கணக்கப்பிள்ளை வந்து, இனிமேல் மூச்சு விடக்கூடாது என்றார். ஆனால் நாங்கள் குடிலில் வழக்கம்போல இருக்க வேண்டுமாம். பழகின புகையும் மனுச வாடையும் திடீரென்று இல்லாமல் போனால் மிருகத்துக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று விருந்தாளித் துரை ஒருவர் கண்டுபிடித்திருந்தார். நான் அத்தையிடம் தகரத்தைக் கேட்டேன். "பக்கத்துல இருக்கட்டும்டி, அது என்ன செய்யுது" என்றாள்.

மறுநாள் விடியலில் பனி கொல்லையின் பாதிவரை இறங்கியிருந்தது. பரணில் அவர்கள் இருப்பது எங்களுக்குத் தெரியவில்லை. அத்தை வெற்றிலையை அதக்கிக்கொண்டு குந்தியிருந்தாள். நான் முழங்காலைக் கட்டிக்கொண்டு, விரல்களைக் கோர்த்துக் கோர்த்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். காலுக்கடியில் எறும்பு ஏறினதுகூட உறைக்கவில்லை.

மரை வந்தது. கொம்பு வைத்த கிடா. காட்டோரத்தில் நின்று காதை ஆட்டியது. ஓர் அடி வைத்தது, நின்றது. இன்னும் ஓர் அடி. வா ராசா, வா, தின்னு என்று மனசுக்குள் கெஞ்சினேன். பிரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை என் பேரைக் கூப்பிடுவது என் காதில் கேட்டுவிட்டது. மரை கழுத்தை நீட்டி ஒரு கதிரைப் பிடுங்கியது.

"ஏய்ய்! ஹோய்! கேப்பையில வாய வக்காதே! போ! போ!"

அத்தை எழுந்து நின்றுவிட்டாள். தகரம் அதிர்ந்தது. மரை ஒரே தாவலில் காட்டுக்குள் மறைந்தது. அதற்குப் பிறகு ஒரு துப்பாக்கி வெடித்து, எங்கோ மரக்கிளை ஒன்று முறிந்து விழுந்தது. பரணில் துரைசாணி விழுந்து விழுந்து சிரித்தது கேட்டது. எங்கள் துரை சிரிக்கவில்லை.

அவர் இறங்கி வந்து, "யார் சத்தம் போட்டது?" என்று கேட்டார். முகம் சிவந்து கிடந்தது.

"நாந்தாங்க தொரை" என்றாள் அத்தை. தடி இன்னும் அவள் கையில் இருந்தது.

கணக்கப்பிள்ளை துரையின் காதில் ஏதோ சொன்னார். கிழவி ஊருக்குப் போகக் கேட்டிருந்ததையும் எங்கள்மேல் தப்பில்லை என்பதையும்தான் சொல்லியிருக்க வேண்டும். "சரி. இவள் போகட்டும். மற்ற ஆட்கள் பேரோடு இருக்கட்டும்" என்றார் துரை. இந்தக் கொல்லையை இனிக் கண்ணால் பார்க்க மாட்டேன், வேண்டியவன் அறுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மரையால் வராத என் பேர், அத்தை போட்ட ஒரு சத்தத்தால் வந்துவிட்டது.

அன்று காம்பராவில் நான் அவளைச் சும்மா விடவில்லை. "வேணும்னேதானே கத்துனீங்க? ஊருக்குப் போறதுக்குத்தானே? நாங்க நாசமாப் போனாலும் ஒங்களுக்கு அந்தக் கெணறுதான் பெருசு!" என்றேன். என் புருசன் என் வாயை மூடச் சொல்லிப் பார்த்தார், மூடினேனா? அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எனக்கே தெரியலடி. வாயி தானா தொறந்துருச்சு" என்றாள். நான் நம்பவில்லை. அவள் துணியை மடித்து மூட்டை கட்டியபோதும் நான் நம்பவில்லை.

ஊருக்கு அனுப்புகிற ஆட்களோடு சேர்த்து அவளையும் கண்டி ஸ்டேசனில் ஏற்றினார்கள். நானும் என் புருசனும் கூடப் போனோம். நாற்பது வருசமாகக் கேட்ட ஊருக்கு ரயில் நிற்கிறது. அவள் முகத்தில் ஒரு சந்தோசமும் இல்லை. உள்ளே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவள் என் முந்தானையைக் கம்பிக்குள் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அங்கே தன்னை இனி யாருக்கு அடையாளம் தெரியும் என்று என் புருசனைக் கேட்டாள். அவர் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். என் கோபம் எல்லாம் கரைந்துவிட்டது. போகாதீங்க அத்தை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

அவள் முந்திக்கொண்டாள். "கேப்பைய அறுத்தாச்சா?"

"இல்ல அத்தை. நாளைக்கு..."

முந்தானையை உதறி விட்டாள். "அறுக்கலயா? அப்ப அங்க யாரு இருக்கா? ரெண்டு பேரும் இங்க வந்து நிக்கிறீங்களே, மரை பூந்து தின்னுப்புடாதா? போங்க! போங்கன்னா!"

ரயில் நகர்ந்தது. அத்தை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டிக்கொண்டே போனாள். மேடையில் நின்ற மற்றவர்கள், கிழவி பிரிய மனமில்லாமல் கையசைக்கிறாள் என்று நினைத்து அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் கொல்லை மூலையில் நின்று பன்றியை விரட்டும்போது ஆட்டுகிற கை அது. ரயில் வளைவில் திரும்பும்வரை அவள் என்னை விரட்டிக்கொண்டே போனாள்.